பின்னும் நேரத்துக்கு யார் விலை வைப்பது?

புத்தளம் கரையோரத்தில் பொழுதுபோக்காகத் தொடங்கி விற்பனைக்கு வந்த கைவேலைகளின் வரவு செலவு

நான்கு சங்கிலிக் கண்ணி போட்டு வளையமாக இணைத்தால் அது தொப்பியின் உச்சி. வளையத்துக்குள் 12 நீளக் கண்ணிகள். அடுத்த சுற்றில் ஒவ்வொன்றிலும் இரண்டிரண்டாக 24. அதற்கடுத்து 36, பிறகு 48. பிறந்த குழந்தையின் தலைச் சுற்றளவு ஏறத்தாழ 35 சென்ரிமீற்றர். அந்த அளவு வந்ததும் கண்ணி கூட்டுவதை நிறுத்தி, காது மூடும்வரை நேராக இறக்கிக்கொண்டே போக வேண்டும். நடுவில் அடுப்பில் பால் பொங்கினாலோ பாடசாலை வான் ஹோர்ன் அடித்தாலோ எண்ணிக்கை தவறும். ஒரு கண்ணி குறைந்தாலும் தொப்பி ஒரு பக்கம் இழுக்கும். அந்தச் சுற்று முழுவதையும் அவிழ்த்துத்தான் திருத்தலாம். நுரைச்சோலை, மதுரங்குளி, சிலாபம் என்று புத்தளம் மாவட்டக் கரை நெடுகிலும் வீட்டு விறாந்தைகளில் பிற்பகலில் நடக்கும் வேலை இது. கடற்காற்றோடு வரும் மணல் ஒட்டாமல் இருக்க நூல் உருண்டை ஷொப்பிங் பைக்குள் இருக்கும். பையின் வாயிலிருந்து இழை மட்டும் வெளியே வரும்.

பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போகும் தாயின் பையில் குழந்தைத் தொப்பியும் காலுறையும் கட்டாயம் இருக்கும். அதனால் இந்தச் சிறு பொருளுக்கு எந்த மாதத்திலும் வாங்குபவர் உண்டு. அக்காவின் குழந்தைக்குப் பின்னிய முதல் தொப்பியைப் பார்த்துப் பக்கத்து வார்ட்டுத் தாய் கேட்பார். இரண்டாவது தொப்பி காசுக்குப் போகும். பெரும்பாலான கைவேலைக்காரர்கள் விற்பனைக்கு வந்த வழி இதுதான். கடையும் கிடையாது, முதலும் கிடையாது. சிக்கல், அந்த இரண்டாவது தொப்பிக்கு என்ன விலை சொல்வது என்ற இடத்தில் தொடங்குகிறது.

வலையை முதலில் பின்னிய கரை

இந்தக் கரைக்குப் பின்னல் புதிதல்ல. நைலோன் வருமுன் மீன்வலைகள் பருத்தி நூலிலும் சணல் நூலிலும் கையால் பின்னப்பட்டன. உடப்பு போன்ற ஊர்களின் கரைவலைக்குத் தும்புக் கயிறும் வேண்டியிருந்தது. வலை ஊசியும் கண் அளவுக்கான அச்சுப் பலகையும் வீட்டுச் சாமான்களோடு சாமானாகக் கிடந்தன. 1950களின் கடைசியில் மீன்பிடி இயந்திரமயமாகத் தொடங்கி, அதன் பின்னால் இயந்திரத்தில் செய்த நைலோன் வலை வந்ததும் அந்த வேலை போய்விட்டது. இன்று மிஞ்சியிருப்பது கிழிந்த வலையைப் பொத்துவது மட்டுமே.

மாவட்டத்தின் தென்பகுதி வேறொரு வழியில் போனது. கொழும்பு–புத்தளம் வீதியில் மகாவெவவும் மாரவிலவும் பத்திக்குப் பேர்போனவை. மெழுகு பூசிச் சாயம் தோய்க்கும் பட்டறைகள் வீதியோரத்தில் அமைந்து, சுற்றுலாப் பயணிகளின் பஸ் நிற்கும் இடங்களாயின. அங்கே சம்பளத்துக்கு ஆள் வைத்து வேலை நடந்ததால் உழைப்புக்கு ஒரு கணக்கு இருந்தது. 2020 ஆகஸ்டில் பத்திக், கைத்தறித் துணிகளுக்கென்றே ஒரு இராஜாங்க அமைச்சும் உருவானது. வீட்டுக்குள் பின்னும் பெண்ணுக்கு அப்படிப் பட்டறையும் இல்லை, அமைச்சும் இல்லை.

வடக்கே கற்பிட்டிக் குடாநாட்டில் கைவேலை என்றால் பெரும்பாலும் ஓலை. 1990 ஒக்டோபரில் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட ஏறத்தாழ 75,000 முஸ்லிம்களில் மிகப் பெரும்பான்மையோர் புத்தளம் மாவட்டத்தில்தான் தங்கினார்கள். வீடு, நிலம், நகை எல்லாம் விட்டுவிட்டு வந்தவர்களிடம் கையில் கற்ற வேலை மட்டும் கூட வந்தது. முகாம்களில் பாய் முடைந்தும், பெட்டி இழைத்தும், தையல் தைத்தும் அன்றாடச் செலவைச் சமாளித்த தலைமுறை அது. அவர்களின் மகள்மாரும் பேத்திமாரும் இன்று குரோஷே ஊசி பிடிக்கிறார்கள்.

வெயில் ஊரில் ஊல் வேலை

ஸ்வெட்டருக்குப் புத்தளத்தில் வேலை இல்லை. அதற்குரிய சந்தை நுவரெலியா. இங்கே உப்பு விளையும் வெயில். ஆகவே இரட்டைக் கம்பிப் பின்னலைவிடக் கொக்கி ஊசியால் பின்னும் குரோஷேயே செல்லுபடியாகிறது. நூலும் கம்பளியைவிடப் பருத்தியும் அக்ரிலிக்கும்தான். மேசை விரிப்பு, கைப்பை, தொலைபேசி உறை, சாவிக்கொத்துப் பொம்மை, தொழுகைத் தொப்பி, முதல் நற்கருணைக்குப் போகும் சிறுமிக்குக் கைப்பை என்று பொருள்கள் ஊருக்கும் சமயத்துக்கும் ஏற்ப மாறும். தலவில புனித அன்னம்மாள் திருத்தலத்தின் மார்ச், ஓகஸ்ட் திருவிழாக்கள், நோன்பு மாதம், டிசம்பர் ஆகியவை விற்பனைக் காலங்கள். கற்பிட்டிக்கு ஓங்கில் பார்க்கவும் காற்றாடிச் சறுக்கு விளையாடவும் வரும் வெளிநாட்டவர் கூடுதல் வரவு. ஆனால் அது நம்பியிருக்கக்கூடிய வரவல்ல என்பதை 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்புகளும் அடுத்த ஆண்டு வந்த கொவிட்டும் காட்டிவிட்டன.

வென்னப்புவவிலிருந்து சிலாபம் வரை வீட்டுக்கு ஒருவர் இத்தாலியில் என்று சொல்லும் அளவுக்குப் புலம்பெயர்ந்த ஊர்கள் உண்டு. விடுமுறைக்கு வரும் உறவினர் பெட்டியில் இரண்டு நூல் உருண்டையும் நல்ல ஊசி ஒன்றும் வந்துவிடும். திரும்பிப் போகும்போது அதே பெட்டியில் பின்னிய பொருள்கள் போகும். சுங்கமோ கூரியரோ இல்லாத இந்த ஏற்றுமதி எந்தப் புள்ளிவிவரத்திலும் சேராது.

கரையோர வீடுகளில் இந்த வருமானம் எப்போது முக்கியமாகிறது என்பதையும் பார்க்க வேண்டும். சோளகக் காற்றுக் காலத்தில் மேற்குக் கடல் கொந்தளிக்கும். சிலாபம் பக்கத்து மீனவர் பலர் கிழக்குக் கரை வாடிகளுக்குப் போய்விடுவர். போகாதவர் வீட்டில் இருப்பர். அந்த மாதங்களில் கடைக்கணக்கை அடைப்பது சில வீடுகளில் ஊசிக் காசுதான். அப்போது அதைக் கைச்செலவுக் காசு என்று யாரும் சொல்வதில்லை.

─────────────
பெட்டிச் செய்தி: ஒரு தொப்பியின் கணக்கு

கணக்குப் போட வசதியாக 50 கிராம் நூல் உருண்டை 400 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். தொப்பிக்கு 30 கிராம்: 240 ரூபாய். உறை, நாடா, பொத்தான்: 30 ரூபாய். வேலை நேரம்: 3 மணி.

இலங்கையின் தேசிய ஆகக்குறைந்த நாட்கூலி 2025 ஏப்ரலில் 1,080 ரூபாயாகவும், 2026 ஜனவரி முதல் 1,200 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டது. 8 மணி நேர நாள் என்றால் மணிக்கு 150 ரூபாய். ஆகவே கூலி 450 ரூபாய்.

அடக்க விலை: 720 ரூபாய். இதில் இலாபம் இல்லை. ஊசி தேய்மானம், படம் எடுத்த நேரம், தபாலகத்துக்குப் போன முச்சக்கரவண்டிச் செலவு எதுவும் இல்லை.

இதே தொப்பியை 500 ரூபாய்க்கு விற்றால் மிச்சம் 230 ரூபாய். மணிக்கு ஏறத்தாழ 77 ரூபாய்: சட்டம் சொல்லும் கூலியில் பாதி.
─────────────

பக்கத்து வீட்டு விலை

விலையைக் குறைப்பது இயந்திரம் என்று பலர் நினைக்கிறார்கள். மீன்வலைக்கு அது உண்மை. குரோஷே அப்படியல்ல. இரட்டைக் கம்பிப் பின்னலை இயந்திரம் செய்யும். சந்தையில் உள்ள ஸ்வெட்டர்கள் பெரும்பாலும் அப்படி வந்தவை. ஆனால் கொக்கி ஊசியால் ஒவ்வொரு கண்ணியாக முடித்து எந்தத் திசையிலும் திரும்பக்கூடிய குரோஷேயை அப்படியே செய்து தரும் தொழிற்சாலை இயந்திரம் இன்னும் புழக்கத்துக்கு வரவில்லை. குரோஷே மாதிரித் தெரியும் மலிவான துணி இயந்திரச் சாயலாக இருக்கும். நிஜக் குரோஷேப் பை மலிவாகக் கிடைத்தால், எங்கோ ஒரு பெண்ணின் கைநேரம் மலிவாகப் போயிருக்கிறது என்றே பொருள்.

அந்தப் பெண் தொலைவில்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. ஒரே தெருவில் இருவர் பின்னினால், ஒருவர் 720 ரூபாய் சொல்லும் தொப்பியை மற்றவர் 400க்குத் தருவார். ‘சும்மா இருக்கிற நேரத்தில் செய்தது, நூல் காசு வந்தால் போதும்’ என்பது அவர் நியாயம். அவருக்கு மாதச் சம்பளம் வரும் கணவர் இருக்கலாம்; முதலாமவருக்கு அது இல்லாமல் இருக்கலாம். வாங்குபவர் கேட்பது ஒரே கேள்விதான்: அங்கே 400க்குத் தருகிறார்களே? பொழுதுபோக்காகப் பின்னுபவர் வைக்கும் விலை, பிழைப்புக்காகப் பின்னுபவரின் கூலியைத் தீர்மானித்துவிடுகிறது. இருவர் மீதும் குற்றமில்லை. ஆனால் அடி விழுவது ஒருவர் மீதே.

உறவுக்காரர் விலை என்று இன்னொன்றும் உண்டு. மச்சாளின் மகளுக்குக் காசு வாங்க முடியாது. பள்ளிவாசல் தெருவிலோ கோயில் வட்டாரத்திலோ எல்லோரும் ஏதோ ஒரு வழியில் உறவுதான். ‘நூலை நானே வாங்கித் தாறன், பின்னித் தாங்கோ’ என்று வரும் கோரிக்கையில் மூன்று மணி நேரம் அன்பளிப்பாகப் போய்விடும்.

பார்சல் திரும்பி வந்தால்

பேஸ்புக்கும் வட்ஸ்அப்பும் ஊருக்கு வெளியே வாங்குபவரைக் கொண்டுவந்தன. ஊர் விலையிலிருந்து தப்ப இது நல்ல வழி. கொழும்பிலோ கண்டியிலோ இருப்பவர் பக்கத்து வீட்டு விலையை அறியார். படம் நன்றாக இருந்தால் 720 ரூபாய்த் தொப்பி 1,000க்கும் போகும். ஆனால் இந்தச் சந்தைக்குத் தனிச் செலவுகள் உண்டு.

பொருள் கைக்கு வந்தபின் காசு கொடுக்கும் முறையையே பலர் விரும்புகிறார்கள். பார்சல் போய்ச் சேரும் நாளில் வாங்குபவர் தொலைபேசியை எடுக்காவிட்டால் அது திரும்பி வரும். போகவரக் கூரியர் கட்டணம் பின்னியவர் தலையில். குழந்தையின் பெயர் பின்னிய விரிப்பு திரும்பி வந்தால் அதை வேறு எவருக்கும் விற்க முடியாது. அனுபவப்பட்டவர்கள் பாதிக் காசை முன்பணமாக வங்கியில் போடச் சொல்கிறார்கள். அப்படிக் கேட்டால் ஓடர் குறையும். ஆனால் வரும் ஓடர் நிற்கும்.

வெளிநாட்டுக்கு நேரடியாக விற்பது இன்னும் கடினம். பேபால் கணக்கில் இலங்கையிலிருந்து காசு அனுப்பலாம், பெற முடியாது என்பதே நீண்ட காலமாக இருந்துவந்த நிலை. கைவேலைகளுக்கென்றே உள்ள பன்னாட்டு இணையச் சந்தைகள் அத்தகைய கொடுப்பனவு முறைகளை நம்பி இயங்குவதால், வெளிநாட்டில் இருக்கும் அண்ணன் பெயரிலோ சித்தி பெயரிலோ கணக்குத் திறந்துதான் விற்க வேண்டியிருந்தது.

நூல் கிடைக்காத காலம்

இலங்கையில் விற்கும் பின்னல் நூல் பெரும்பாலும் இறக்குமதி. 2020 ஊரடங்கில் வீட்டில் அடைபட்ட பலர் யூரியூப் பார்த்துக் குரோஷே கற்றார்கள். அந்த ஆண்டு ஏப்ரலில் அரசாங்கம் அத்தியாவசியமற்ற பல பொருள்களின் இறக்குமதியை நிறுத்தியது. கற்றவர் கூடினர், நூல் குறைந்தது. 2022 மார்ச்சில் ரூபாய் சரியத் தொடங்கி, டொலர் ஏறத்தாழ 200 ரூபாயிலிருந்து இரண்டே மாதத்தில் 360ஐ எட்டியது. அந்த ஆண்டு செப்டெம்பரில் பணவீக்கம் 70 வீதத்தை நெருங்கியது. 2024 ஜனவரியில் வற் வரி 18 வீதமானது.

2022 மார்ச் கடைசியில் நாட்டில் 13 மணி நேர மின்வெட்டு. 900 மெகாவோற் நுரைச்சோலை அனல்மின் நிலையம் பக்கத்திலேயே நின்றும் கரையோர வீடுகளில் இருட்டு. தையல் மெஷின்கள் நின்றபோது ஊசியும் நூலும் மட்டும் மண்ணெண்ணெய் விளக்கிலும் ஓடின. ஆனால் பின்னி முடித்ததை அனுப்ப வாகனத்துக்குப் பெற்றோல் இல்லை.

அந்தக் காலம் விட்டுச்சென்ற பழக்கம் ஒன்று நல்லது. நூலை ஒரே தடவையில், ஒரே சாயத் தொகுதியில் வாங்கி வைப்பது. ஒரே நிற எண்ணில் இரண்டு உருண்டை வாங்கினாலும் சாயத் தொகுதி வேறானால் விரிப்பின் நடுவில் கோடு விழுந்ததுபோல் தெரியும். ஆனால் வாங்கி வைக்கக் கையில் முதல் வேண்டும். அந்த முதலுக்காக வாசலுக்கு வரும் நுண்கடன் நிறுவனங்களை நாடிக் கடனில் சிக்கியவர்களின் கதை இந்த மாவட்டத்துக்கு நன்றாகத் தெரியும். 2018இல் வறட்சி பாதித்த 12 மாவட்டங்களில் பெண்கள் பெற்ற 100,000 ரூபாய்க்குட்பட்ட நுண்கடன்களை அரசு தள்ளுபடி செய்தபோது புத்தளமும் அதில் இருந்தது. வாரத் தவணைக் கடனுக்கும் மூன்று வாரத்தில் முடியும் மேசை விரிப்புக்கும் ஒத்துவராது.

ஓலையின் கணக்கு வேறு

பனையோலைக்கு டொலர் தேவையில்லை. சிலாபத்துக்கு வடக்கே வரண்ட கரையில் பனை உண்டு. விரியாத குருத்தை வெட்டி, வெயிலில் உலர்த்தி, ஈர்க்கு நீக்கி, ஒரே அகலத்தில் வார்ந்து எடுத்தால் சார்வோலை தயார். வண்ணம் வேண்டுமென்றால் கொதிக்கும் சாயத்தில் அவித்து எடுக்க வேண்டும். முடையும்போது ஓலை காய்ந்துவிட்டால் வெடிக்கும். ஈரத்துணியில் சுற்றி வைத்துக்கொண்டு, காற்று அடிக்காத மூலையில் உட்கார்ந்துதான் வேலை. பாய், பெட்டி, கடகம், பிட்டு அவிக்கும் நீத்துப்பெட்டி, மீன் வாங்கப் போகும் உமல் என்று வீட்டுக்கு வேண்டியதெல்லாம் இதிலிருந்து வந்தது. பிளாஸ்டிக் கூடையும் நைலோன் பாயும் அவற்றை வெளியே தள்ளின.

இன்று ஓலைக்காரரின் முதல் கவலை மரமேறும் ஆள். ஓலை வெட்டித் தருபவர் இல்லையென்றால் சும்மா நிற்கும் மரத்தால் பயனில்லை. 1978இல் தொடங்கப்பட்ட பனை அபிவிருத்திச் சபையின் கவனம் இயல்பாகவே யாழ்ப்பாணத்தை மையமாகக் கொண்டது. புத்தளத்து ஓலை வேலைக்கு அந்த அளவு ஆதரவு இல்லை.

சந்தையில் ஒரு வாசல் திறந்திருக்கிறது. மெல்லிய பொலித்தீனுக்கு எதிராக 2017இல் தொடங்கிய தடைகளின் தொடர்ச்சியாக, 2025 நவம்பர் 1 முதல் கடைகள் பொலித்தீன் பையை இலவசமாகக் கொடுக்க முடியாது என்ற விதி வந்தது. உமலும் குரோஷேப் பையும் போட்டியிடக்கூடிய இடம் இது. எனினும் ஒரு நாள் முழுக்க முடைந்த உமலை, ரூபாய்க் கணக்கில் விற்கும் பொலித்தீன் பையோடு நேருக்கு நேர் நிறுத்தினால் உமல் தோற்கும். அது பல ஆண்டு உழைக்கும் பொருள் என்று சொல்லி விற்றால்தான் பிழைக்கும்.

நரசாப்பூரில் நடந்தது

உழைப்பைப் பொழுதுபோக்காகக் கருதினால் என்ன ஆகும் என்பதற்குச் சான்று தேடி வெகுதூரம் போகத் தேவையில்லை. ஆந்திராவின் கோதாவரிக் கழிமுகத்தில் உள்ள நரசாப்பூரில் 19ஆம் நூற்றாண்டில் மிஷனரிகள் குரோஷே லேஸ் வேலையைக் கற்றுக்கொடுத்தார்கள். அதே நூற்றாண்டின் நடுவில் அயர்லாந்துப் பஞ்சத்தின்போது கன்னியர் மடங்கள் பெண்களுக்கு அதே வேலையைக் கற்றுக்கொடுத்துப் பல குடும்பங்களின் உயிரைக் காத்தன. நரசாப்பூர் லேஸ் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் ஏற்றுமதியானது. ஜெர்மன் சமூகவியலாளர் மரியா மீஸ் அங்கே ஆய்வு செய்து 1982இல் நூலாக வெளியிட்டார். வீட்டு வேலை எல்லாம் முடித்து நாளுக்கு 6 முதல் 8 மணி நேரம் பின்னிய பெண்கள் அங்கே தொழிலாளிகளாகக் கணக்கில் இல்லை. ஓய்வு நேரத்தைப் பயனுள்ளதாகக் கழிக்கும் குடும்பப் பெண்கள் என்றே ஊரும் வியாபாரியும் சொன்னார்கள். நூல் கொடுத்துப் பொருள் எடுக்கும் முகவர் கொடுத்தது சட்டக் கூலியைவிட மிகக் குறைவு. ஏற்றுமதியாளர்கள் வளர்ந்தார்கள்.

2024இல் நரசாப்பூர் லேஸுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயருக்குக் கிடைத்த பாதுகாப்பு கைகளுக்குக் கூலியாக மாறுமா என்பது வேறு விஷயம். புத்தளம் கரையில் முகவர் இன்னும் அந்த அளவுக்கு வரவில்லை. இங்கே குறைந்த விலையை வைப்பவர் பெரும்பாலும் பின்னுபவரேதான். அதனால் அதை மாற்றும் வழியும் அவர் கையில் இருக்கிறது. ஒரு கிராமத்தின் மாதர் சங்கத்தில் பின்னுபவர்கள் பத்துப் பேர் சேர்ந்து, இன்ன பொருளுக்கு இத்தனை மணி, மணிக்கு இத்தனை ரூபாய், இதற்குக் கீழே விற்பதில்லை என்று எழுதிக்கொண்டால், பொழுதுபோக்குக்காரரும் பிழைப்புக்காரரும் ஒரே விலை சொல்வார்கள். பயிற்சிப் பட்டறைகள் பூ வேலையும் பொம்மை வேலையும் கற்றுக்கொடுக்கின்றன. விலை போடுவதற்கு அரை நாள் ஒதுக்கினால் அதில் வரும் பலன் அதிகம்.

─────────────
பெட்டிச் செய்தி: தொழிலாக்க விரும்புவோருக்கு

தொழிற்பெயரைப் பிரதேச செயலகத்தின் ஊடாகப் பதியலாம். பதிவு இருந்தால் வங்கியில் தொழிற்கணக்கும் கண்காட்சியில் இடமும் கேட்பது எளிது.

1982ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் உள்ள தேசிய அருங்கலைகள் பேரவை கைவினைஞர்களைப் பதிவு செய்கிறது. ‘சில்ப அபிமானி’ விருதுப் போட்டியையும் அதுவே நடத்துகிறது. ‘லக்சல’ அரச விற்பனைக் கூடமும் அதே சட்டத்தோடு தொடர்புள்ளது.

சுயதொழில் செய்வோருக்கு ஊழியர் சேமலாப நிதி இல்லை. 1996ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த சமூகப் பாதுகாப்புச் சபையின் ஓய்வூதியத் திட்டத்தில் சேரலாம்.
─────────────

கண், கழுத்து, மணிக்கட்டு

விலையில் சேராத இன்னொரு செலவு உடம்பு. மெல்லிய நூலும் சிறிய ஊசியும் என்றால் பார்வை முழுக்க அரைச் சென்ரிமீற்றரில் நிற்கும். திருவிழாக் காலத்தில் இரவு பகலாகப் பின்னியவருக்குப் பெருவிரல் அடியில் வலி, விரல் மரப்பு. ஓலைக்காரருக்கு விரல் நுனி வெடிப்பும் தரையில் குந்தியிருந்த முழங்கால் நோவும். அரை மணிக்கு ஒருமுறை ஊசியைக் கீழே வைப்பது, பிடி தடித்த ஊசி வாங்குவது, கறுப்பு நூலை இரவில் தொடாமல் விடுவது என்று ஆளுக்கொரு வழி வைத்திருக்கிறார்கள். எல்லாம் ஓடர் குறைவான மாதங்களில் கைக்கொள்ளும் வழிகள்.

வாங்குபவருக்குச் சில வார்த்தைகள்: திருமணத்துக்கோ பிறந்தநாளுக்கோ கைவேலை வேண்டுமென்றால் ஒரு மாதம் முந்திச் சொல்லுங்கள். பாதிக் காசை முன்பணமாகக் கொடுங்கள். பக்கத்து வீட்டு விலையைச் சொல்லிக் குறைக்கச் சொல்லாதீர்கள். வேண்டுமானால் பின்ன எத்தனை மணி நேரம் ஆயிற்று என்று கேளுங்கள். அதை 150 ரூபாயால் பெருக்கி, நூல் விலையைக் கூட்டிப் பாருங்கள். கேட்ட விலை அதற்குக் கீழே இருந்தால், கூட்டிக் கொடுங்கள்.